பழைய ஸ்டேஷன் வேகன்: முன்பாதி சுலபம், பின்பாதிதான் பாடு

1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் ஸ்டேஷன் வேகன், அதாவது கூரை பின்கதவு வரை நீண்டு பின்னால் சாமான் ஏற்ற இடம் உள்ள கார், வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அதை ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஆசையெல்லாம் ஷோரூமில் பக்கத்தில் நின்ற இரண்டு கதவு கூப்பே மேல்தான் இருந்திருக்கும். ஆனால் வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு நாய், கோடை விடுமுறைக்குக் கூடாரம், அடுப்பு, படுக்கை என்று ஏற்றவேண்டிய சாமான் ஒரு லோடு. சரி, வேகனையே எடுத்துவிடலாம் என்று முடிவாகும். பத்து வருடம் அதை அடித்து ஓட்டுவார்கள். மூத்த பையன் கல்லூரிக்குப் போகும்போது அவன் தலையில் கட்டுவார்கள். அவனும் ஓட்டித் தீர்த்தபின் வண்டி எடைக்குப் போய்விடும்.

இன்று அதே வண்டியை யாரோ ஒருவர் கொட்டகையிலிருந்து துருவோடு இழுத்துவந்து, வாரக் கணக்கில் டிங்கரிங் பார்த்து, புது எஞ்சின் இறக்கி, தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டுகிறார். கார் கண்காட்சிகளில் வரிசையாக நிற்கும் மஸ்டாங், கமாரோ போன்ற புகழ்பெற்ற கூப்பேக்களைத் தாண்டிவந்து கூட்டம் ஒரு பழுப்பு நிற வேகன் முன்னால் நின்றுவிடுகிறது. யாரும் விரும்பி வாங்காத வண்டி மேல் இவ்வளவு பிரியம் எங்கிருந்து வந்தது?

சின்ன வயது ஞாபகம் என்று ஒரு பதில் உண்டு. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஞாபகம் ஒருவரை வண்டி வாங்கவைக்கும். வருடக் கணக்கில் அதன் அடியில் படுத்து வேலை செய்யவைக்காது. என் பார்வையில் மீதிக் காரணம் வண்டியின் உடம்பிலேயே இருக்கிறது. வேகனின் முன்பாதி அதே கம்பெனியின் புகழ்பெற்ற கார்களோடு பங்காளி. எதை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். பின்பாதிக்கு உறவே கிடையாது. ஒரு ரப்பர் பீடிங் கிழிந்தால்கூட நாடு முழுக்கத் தேடவேண்டும். கைவேலைக்கு இடம், தேடலுக்கு இடம், இரண்டும் ஒரே வண்டியில். இந்தக் கலவைதான் ஆட்களைப் பிடித்துவைக்கிறது.

முதலில் அந்த ஞாபகத்தைப் பார்த்துவிடலாம். பெரிய அமெரிக்க வேகன்கள் பலவற்றில் மூன்றாவது வரிசை இருக்கை பின்னோக்கிப் பார்த்தபடி இருக்கும். அப்பா அம்மா கண்ணில் படாமல், பின்னால் வரும் லாரிக்காரருக்குக் கையாட்டிக்கொண்டு, முகம் கோணிக் காட்டிக்கொண்டு போகும் இடம். சீட் பெல்ட்டைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படாத காலம். ஒரு தொல்லையும் உண்டு. சதுரமான முதுகு உள்ள வண்டி வேகமாகப் போகும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. பின் கண்ணாடியை இறக்கினால் சைலன்சர் புகை சுழன்று உள்ளேயே வந்துவிடும். புழுதியும் மழைநீரும் பின் கண்ணாடியில் அப்பிக்கொள்வதற்கும் இதுவே காரணம். அதற்காகவே கூரையின் பின் விளிம்பில் காற்றைக் கீழே திருப்பிவிடும் தகடு ஒன்றை விற்றார்கள். இன்று வேகனைப் புதுப்பிக்கிறவர்கள் தேடி அலையும் சாமான்களில் அந்தத் தகடும் ஒன்று. அன்று புகை வாசத்தில் உட்கார்ந்து போன பிள்ளைகளுக்கு இன்று அறுபதைத் தொடும் வயது. கையில் காசும் ஓரளவு ஓய்வும் இருக்கின்றன.

வேகனின் பிறப்பு ரயில் நிலையத்தில். இறங்கும் பயணிகளையும் அவர்களின் பெட்டி படுக்கைகளையும் ஹோட்டலுக்குக் கொண்டுசேர்க்க, 1910களிலும் 20களிலும் ஃபோர்டு மாடல் டி அடிச்சட்டத்தின் மேல் தச்சர்கள் மரக்கூடு கட்டினார்கள். 1929-ல் ஃபோர்டு தன் மாடல் ஏ வரிசையில் கம்பெனி வண்டியாகவே ஒரு ஸ்டேஷன் வேகனை விற்றது. மரத்துக்கு எங்கும் போகவேண்டியதில்லை. மிச்சிகன் மாநிலத்தின் வட பகுதியில் ஐயர்ன் மவுண்டன் என்ற ஊரருகே ஃபோர்டுக்குச் சொந்தக் காடும் ஆலையும் இருந்தன. சட்டத்துக்கு மேப்பிள், பிர்ச் போன்ற கெட்டி மரம், நடுவில் பலகை.

மரம் பார்க்க அழகு, வைத்துக்கொள்ளக் கஷ்டம். ஒவ்வொரு வருடமும் சுரண்டி வார்னிஷ் அடிக்கவேண்டும். மழையில் ஊறி உப்பும், வெயிலில் சுருங்கும், ஓடும்போது கிரீச்சிடும், மூட்டுகளில் தண்ணீர் இறங்கி அழுகும். புதிதாக இருந்தபோது கம்பெனியின் வரிசையிலேயே விலை அதிகமான வண்டிகளில் ஒன்றாக இருந்த மர வேகன், பத்து வருடத்தில் கேட்பாரில்லாமல் போனது இப்படித்தான். அந்த மலிவு விலையில்தான் 1950களில் கலிஃபோர்னியாவின் அலைச்சறுக்கு இளைஞர்கள் அதை வாங்கினார்கள். நீளமான சறுக்குப் பலகை உள்ளே நுழையும், ஈரத்தோடு ஏறி உட்கார்ந்தாலும் கேட்க ஆளில்லை, கடற்கரையிலேயே ராத்திரி படுத்துக்கொள்ளலாம். ‘வுடி’ என்று பெயர்பெற்ற இந்த மர வேகன் என்றாலே கடலும் சறுக்குப் பலகையும் ஞாபகத்துக்கு வருவது விளம்பரத்தால் வந்ததல்ல, வறுமையால் வந்தது. சான் டியேகோ பக்கம் என்சினிட்டாஸ் கடற்கரையில் ஆண்டுதோறும் நடக்கும் வுடி கூட்டத்தில் இன்று நிற்கும் வண்டிகளின் பளபளப்பைப் பார்த்தால் அந்த ஏழ்மையின் சுவடே தெரியாது.

இரும்பு வந்ததும் மரத்தின் கதை முடிந்தது. 1946-ல் வில்லிஸ் நிறுவனம் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த முழு இரும்பு ஜீப் வேகனை விட்டது. அதிலும் மரம் போலத் தோன்றப் பெயிண்ட் அடித்திருந்தார்கள் என்பது வேடிக்கை. 1949-ல் பிளிமத் சபர்பன் வந்தது. ஃபோர்டு 1951-ஓடு நிஜ மரக் கூட்டை நிறுத்திவிட்டு, 1952-லிருந்து பக்கவாட்டில் மரம் மாதிரி அச்சடித்த வினைல் ஒட்ட ஆரம்பித்தது. பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் கடைசி வரை நிஜ மரத்தை விடாதது 1953 பியூக். அதற்குப் பிறகு நாற்பது வருடம் அமெரிக்கா ஒட்டுமரத்தில் ஓடியது.

இனி அந்தப் பங்காளிக் கதைக்கு வரலாம். இரும்பு வேகன் என்பது தனியாகப் பிறந்த வண்டி இல்லை. கம்பெனி ஒரு செடானுக்கு அடிச்சட்டம், எஞ்சின், கியர்பாக்ஸ், முன் கதவு, டேஷ்போர்டு எல்லாம் செய்துவிடும். அதே வரிசையில் கூப்பே, கூரை மடங்கும் கன்வர்ட்டிபிள், வேகன் என்று கிளைபிரியும். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் தூண் வரைக்கும் அவற்றிடையே பெரிய வித்தியாசம் இருக்காது. 1960களின் பிற்பகுதி ஷெவர்லே ஷெவெல் வேகனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பானெட், முன் பம்பர், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன், எஞ்சின் தாங்கிகள் எல்லாம் இளைஞர்கள் உயிரையே வைத்திருந்த ஷெவெல் எஸ்எஸ் காருக்கும் பொது. எஸ்எஸ் பிரபலம் என்பதால் அதற்கான ஸ்கிரூ முதற்கொண்டு எல்லாமே இன்றும் புதிதாக வார்த்து விற்கப்படுகிறது. வேகன்காரருக்கு அது அப்படியே லாபம். டிஸ்க் பிரேக் வேண்டுமா, அட்டவணையைப் புரட்டி ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வந்துவிடும்.

ஓல்ட்ஸ்மொபில் விஸ்டா குரூஸரும் அப்படித்தான். 1964-ல் வந்த இந்த வேகனின் கூரை நடுவில் ஒரு படி உயர்ந்து, அங்கே வானம் பார்க்கக் கண்ணாடி இருக்கும். முன்பாதியோ ஓல்ட்ஸ்மொபில் கட்லஸின் பங்காளி. அதனால் புகழ்பெற்ற 442 மாடலின் முகப்பை வாங்கி விஸ்டா குரூஸரில் மாட்டி, கம்பெனி செய்யாத ஒரு ‘442 வேகனை’ உருவாக்குகிறார்கள். ஒரு கோடு வெட்டவேண்டாம், ஒரு வெல்டிங் போடவேண்டாம். 1990களுக்கு வந்தால் பியூக் ரோட்மாஸ்டர் எஸ்டேட். எஸ்டேட் என்பது வேகனுக்கு இன்னொரு பெயர். 1994 முதல் 96 வரை வந்ததில் 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் எல்டி1 வி8 எஞ்சின், 260 குதிரைசக்தி. அதே அடித்தளத்தில் அதே ஆண்டுகளில் வந்த ஷெவர்லே இம்பாலா எஸ்எஸ் காரின் 17 அங்குல வீல்கள் நேராக இதில் ஏறும். அதே குடும்பத்துப் போலீஸ் கார்களின் கெட்டியான பாகங்களும் ஏறும். போலீஸ் காரின் கால்களோடு, பக்கத்தில் ஒட்டுமரத்தோடு, எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் வண்டி. பிடிக்காமல் எப்படி இருக்கும்?

இந்தப் பங்காளி உறவுக்கு ஒரு கசப்பான பக்கமும் இருந்தது. 1970, 80களில் கூப்பே வைத்திருந்தவர்களுக்கு வேகன் என்றால் உதிரிபாகக் கிடங்கு. பெரிய வி8 எஞ்சினும் வலுவான பின் ஆக்ஸிலும் உள்ள வேகன் ஒன்று மலிவாக வந்தால் வாங்கி, வேண்டியதை உருவிக்கொண்டு கூட்டை எறிந்துவிடுவார்கள். மிச்சம் இருந்தவற்றை ‘டெமாலிஷன் டெர்பி’ தின்றது. கார்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, கடைசியாக நகரும் வண்டிக்குப் பரிசு கொடுக்கும் கிராமத்துச் சந்தை விளையாட்டு அது. அதில் ரிவர்ஸில் வந்து மோதுவதுதான் உத்தி, ரேடியேட்டர் தப்பிக்கும். வேகனுக்குப் பின்பக்கம் நீளம் என்பதால் அடி தாங்கும். அப்படி ஆயிரக் கணக்கில் நொறுங்கின. இந்த வண்டிகள் இன்று அரிதாக இருப்பதற்குக் காரணம் குறைவாகச் செய்தது இல்லை. ஏராளமாகச் செய்தார்கள், யாரும் மிச்சம் வைக்கவில்லை.

அதிலும் முதலில் நசுங்கியது பின்பக்கம். அதனால் பின்பாதிப் பாகங்களுக்கு இன்று பஞ்சம். வளைந்த பின் ஜன்னல் கண்ணாடி, டெயில்கேட் என்ற பின்கதவு, அதன் கீல், கூரைக் கம்பிகளின் மூடிகள், பின் விளக்கின் சட்டம், பக்கவாட்டு பீடிங். கிராக்கி உள்ள கார்களுக்கே பாகம் வார்க்கும் கம்பெனிகள் இவற்றைத் தொடுவதில்லை. ஐம்பது பேர் வாங்குவதற்காக அச்சு செய்யக் கட்டுப்படியாகாது. விஸ்டா குரூஸரின் கூரைக் கண்ணாடி உடைந்தால், அதே மாடல் இன்னொரு வண்டி எங்காவது வயல்வெளியில் மக்கிக் கிடக்கவேண்டும், அதில் கண்ணாடி முழுசாக இருக்கவேண்டும், அதன் சொந்தக்காரர் விற்கவும் சம்மதிக்கவேண்டும். அதனால்தான் வேகன்காரர்கள் ஒருவருக்கொருவர் அவ்வளவு தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். மஸ்டாங்காரருக்கு அட்டவணை போதும். வேகன்காரருக்கு ஆள் வேண்டும்.

டெயில்கேட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். வேகன் எஞ்சினியர்கள் தங்கள் மூளை முழுவதையும் அங்கேதான் கொட்டினார்கள். 1966-ல் ஃபோர்டு ஒரே பலகையைக் கீழ்நோக்கியும் திறக்கலாம், கதவு மாதிரி பக்கவாட்டிலும் திறக்கலாம் என்று செய்தது. அதைத் தூக்கிச் சாப்பிட்டது 1971-ல் ஷெவர்லே, பியூக், ஓல்ட்ஸ்மொபிலின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய வேகன்களில் கொண்டுவந்த ‘கிளாம்ஷெல்’. வண்டியின் பின் மூலையில் ஒரு சாவித் துவாரம். சாவியைத் திருப்பினால் மோட்டார் முனகிக்கொண்டே பின் கண்ணாடி மேலேறி, வளைந்து, கூரைக்குள் மறையும். அடுத்துக் கீழ்ப்பலகை. சில வண்டிகளில் அதைக் கையால் தள்ளவேண்டும், சிலவற்றில் அதற்கும் மோட்டார். பலகை இறங்கி, உள்பக்கமாக வளைந்து, தரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். முடிவில் வண்டியின் பின்னால் எதுவுமே இருக்காது, வெறும் வாசல். கதவு வெளியே நீட்டாததால் சுவரோரமாக ரிவர்ஸில் நிறுத்தியும் சாமான் இறக்கலாம். 4க்கு 8 அடி பிளைவுட் பலகையைப் படுத்த வாக்கில் உள்ளே தள்ளலாம்.

அதற்குக் கொடுத்த விலை எடை. மூன்று வரிசை பியூக் எஸ்டேட் 2,300 கிலோவைத் தொட்டது. ஐம்பது வருடம் கழித்து அந்தக் கதவு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பலகை படுக்கும் அந்தப் பள்ளத்தில்தான் தண்ணீரும் மண்ணும் சேரும். தண்டவாளம் துருவேறும், மோட்டார் பலமிழக்கும், கண்ணாடி பாதி வழியில் நின்றுவிடும். விவரம் தெரிந்தவர் கிளாம்ஷெல் வேகன் வாங்கப் போனால் எஞ்சினை ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்கமாட்டார்; நேராகப் பின்னால் போய்ச் சாவியைத் திருப்பச் சொல்வார். எஞ்சின் கெட்டால் வேறு கிடைக்கும்.

பின்பாதியும் சுலபமாகக் கிடைக்கும் வேகன் ஒன்று உண்டு: 1955 முதல் 57 வரை வந்த ஷெவர்லே நோமாட். 1954 மோட்டோராமா கண்காட்சியில் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் முகத்தோடு ஒரு வேகனை வைத்தார்கள்; கார்ல் ரென்னர் வரைந்த அந்தக் கூரைக்கு வந்த வரவேற்பைப் பார்த்து, அதைச் சாதாரண ஷெவர்லே மேல் இறக்கினார்கள். இரண்டே கதவு, முன்னோக்கிச் சாய்ந்த தூண், கூரையில் வரிவரியான பள்ளங்கள், டெயில்கேட்டில் ஏழு குரோம் பட்டைகள். விலை கூடுதல், குடும்பத்துக்கோ இரண்டு கதவு போதாது, சாய்வான டெயில்கேட் வழியாகத் தண்ணீர் வேறு ஒழுகும். மூன்று வருடத்திலும் சேர்த்துச் சுமார் 22 ஆயிரம்தான் விற்றது. புதிதில் தோற்ற அந்த வண்டி இன்று அந்தக் காலத்து ஷெவர்லேக்களிலேயே அதிகம் விரும்பப்படுவதில் ஒன்று. பிரபலமானதால் அதற்கு டெயில்கேட் பட்டை வரை புதிதாகச் செய்கிறார்கள். எனக்கு நோமாட் பிடிக்கும், ஆனால் அதை வேகன் கிறுக்கின் உதாரணமாகச் சொல்லமாட்டேன். அது வேகன் வேடம் போட்ட கூப்பே. நிஜமான கிறுக்கர் நான்கு கதவு, பழுப்பு நிற, பேர் தெரியாத வேகனைத்தான் வைத்திருப்பார்.

பெரிய வேகன் ஏன் ஒழிந்தது என்பதற்கும் இந்தப் பொழுதுபோக்குக்கும் ஒரு விசித்திரமான தொடர்பு இருக்கிறது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975-ல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்கள் சராசரியாக இத்தனை மைல் கொடுக்கவேண்டும் என்பது விதி. வேகன் கார் கணக்கில் வந்தது. மினிவேனும் எஸ்யூவியும் இலகுரக லாரிக் கணக்கில் வந்தன, அவற்றுக்கு விதி இளக்கமானது. 1983 இறுதியில் கிரைஸ்லரின் மினிவேன்கள் வந்ததும் குடும்பங்கள் அங்கே தாவின. 90களில் எஸ்யூவி மிச்சத்தையும் வாரிக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய வேகன்கள் 1996-ல் நின்றன. அவை தயாரான டெக்சாஸ் மாநில ஆர்லிங்டன் தொழிற்சாலையை எஸ்யூவி செய்ய மாற்றிவிட்டார்கள்.

இப்போது பட்டறைக்குள் போங்கள். பழைய வேகனுக்கு எஞ்சின் மாற்றுகிறவர்களில் பலரும் இறக்குவது ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பத்து வி8. 1997 மாடல் கார்வெட்டில் அறிமுகமானது. 1999 முதல் அதன் இரும்பு பிளாக் வகைகள் பிக்கப்பிலும், பிறகு டாஹோ போன்ற எஸ்யூவிகளிலும் வந்தன. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் சிலிண்டர்களுக்கு நடுவே அடிவயிற்றில் இருப்பதால் எஞ்சினின் தலை சிறிது. எந்த பானெட்டுக்குக் கீழும் அடங்கும். விபத்தில் நொறுங்கிய எஸ்யூவிகளிலிருந்து மலிவாகக் கிடைக்கும். கம்ப்யூட்டர் இக்னிஷன் என்பதால் குளிர்காலக் காலையிலும் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். ஆக, வேகனைத் தொழிற்சாலையிலிருந்து விரட்டிய எஸ்யூவியின் எஞ்சினே இன்று வேகனை ஓடவைக்கிறது.

எஞ்சின் மாற்றுவதில் வேகன்காரர்களுக்கு ஒரு தனிக் குஷி உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் சத்தம் போட்டுக்கொண்டு வந்தால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். பாட்டி வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி ஒரு வேகன், கூரையில் சாமான் கம்பி, சிக்னல் பச்சையானதும் பக்கத்துக் காரைப் புகையில் விட்டுப் போனால்? சாது மிரண்டால் காடு கொள்ளாது. இதில் இயற்பியலும் உதவுகிறது. கூரையும் கண்ணாடியும் பின்னால் நீள்வதால் பின் சக்கரங்கள் மேல் எடை கூடுதல். பின் சக்கரம் தள்ளும் வண்டியில் அது பிடிமானம். நேர்கோட்டில் ஓடும் டிராக் ரேஸில், கம்பெனி வண்டியைப் பெரிதாக மாற்றாமல் ஓட்டும் ஸ்டாக் பிரிவுக்காரர்கள் 1960களிலேயே இதைக் கண்டுகொண்டார்கள். 1955-57 ஷெவர்லே வேகன்கள் அங்கே ஓடின. நடிகரும் பந்தய ஓட்டுநருமான பால் நியூமன் வால்வோ வேகனில் அமெரிக்க வி8 வைத்து ஓட்டியது இந்தக் குறும்பின் இன்னொரு பிரபல உதாரணம்.

தோற்றத்தில் என்ன செய்கிறார்கள் என்பது ரசனையைப் பொறுத்தது, சண்டையும் அங்கேதான். ஏர் சஸ்பென்ஷன் வைத்துத் தாழ்த்துவது கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது. நீளமான கூரை தரையை ஒட்டி ஓடும்போது வண்டி இன்னும் நீளமாகத் தெரியும். கூப்பேயில் அந்த அழகு வராது. சிலர் வெயிலில் வெளுத்த பழைய பெயிண்டை அப்படியே விட்டு, மேலே கிளியர் கோட் மட்டும் அடிக்கிறார்கள். பெரிய சண்டை ஒட்டுமரத்தைப் பற்றி. உரித்துவிட்டால் கோடு சுத்தமாகத் தெரியும் என்பார் ஒருவர். அது போனால் வண்டியின் முகமே போயிற்று என்பார் இன்னொருவர். நான் இரண்டாமவர் கட்சி. 1972 ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயரில் ஒட்டுமரம் இல்லையென்றால் அது வெறும் நீண்ட கார். நிஜ மர வேகனை வெட்டி மாற்றுவதோ எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத வேலை. ஒட்டுமர வேகனில் தப்பு செய்தால் புது வினைல் ஒட்டிக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் வேகன் ஒருபோதும் சாகவில்லை, அதனால் அங்கே கிறுக்கின் நிறமும் வேறு. ஸ்வீடனின் வால்வோ 245, 1974-ல் தொடங்கி, 240 எஸ்டேட் என்ற பெயரில் 1993 வரை பெட்டி மாதிரி அதே வடிவில் வந்தது. அதன் இரும்பு பிளாக் எஞ்சின் லேசில் கெடாது, டர்போ வைத்து அழுத்தினாலும் தாங்கும். ஸ்வீடனில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஓட்டலாம் என்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டோடு ஒரு வண்டி வகை சட்டத்தில் உண்டு. பழைய வால்வோ வேகன்களை வெட்டி அப்படி மாற்றிக்கொள்கிறார்கள். 1994-ல் வால்வோ இன்னும் துணிந்து, பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் 850 எஸ்டேட்டையே இறக்கியது. ரிக்கார்ட் ரைடெலும் யான் லாமர்ஸும் ஓட்டினார்கள். ஜெயிக்கவில்லை, ஆனால் அந்த வருடம் ஜெயித்த காரைவிட இதைத்தான் ஜனங்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு போர்ஷேயோடு சேர்ந்து ஆவுடி விட்ட ஆர்எஸ்2 அவாந்த், வேகமான வேகன் என்ற பண்டத்தைக் கம்பெனிகளே செய்ய ஆரம்பித்ததற்கு அடையாளம்.

பிரிட்டனில் மொரிஸ் மைனர் டிராவலர். 1953 முதல் 1971 வரை வந்தது, பின்பக்கம் ஆஷ் மரச் சட்டம். அமெரிக்க ஒட்டுமரம் போல அலங்காரம் இல்லை. கூரையைத் தாங்குவதே அந்த மரம்தான். வருடாந்திரத் தகுதிச் சோதனை இந்த வண்டிகளுக்குக் கட்டாயமாக இருந்த காலத்தில், மரம் அழுகினால் வண்டி தேறாது. அதனால் கார் பட்டறைக்காரரோடு தச்சரும் தேவை. பின்சட்டம் முழுவதையும் புது மரத்தில் செட்டாகச் செய்து தருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மொரிஸ் மைனருக்கு இலங்கையோடும் உறவு உண்டு. அங்கே அவை பத்திருபது வருடம் முன்புவரை சர்வசாதாரணமாக ஓடின. 1990களில் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்து பிரிட்டனுக்கு அனுப்பும் ஒரு முயற்சியும் நடந்தது.

இவ்வளவு சொன்னபின் ஒரு சாதாரணக் காரணத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் தனியாகத்தான் கிளம்பவேண்டும். வேகன்காரரோடு மொத்தக் குடும்பமும் ஏறிக்கொள்ளும். நாற்காலி, ஐஸ் பெட்டி, டூல்ஸ், நாய் எல்லாம் பின்னால். கண்காட்சி இரண்டு நாள் என்றால் இருக்கையை மடக்கி அங்கேயே தூங்கலாம். வழியில் யாரோ ஒருவர் டெயில்கேட் விற்கிறார் என்றால் அதையும் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு வரலாம். செலவுக்கு வீட்டில் சம்மதம் வாங்குவதும் இதனால் கொஞ்சம் லேசு.

நம் ஊரில் இந்தப் பழக்கம் ஏன் வேர்விடவில்லை? மூலப்பொருளே குறைவு. அம்பாஸடரிலும் பிரீமியர் பத்மினியிலும் எஸ்டேட் வடிவங்கள் இருந்தன, பெரும்பாலும் ஆம்புலன்ஸாகவும் கம்பெனி வண்டியாகவும் உழைத்துத் தேய்ந்தன. 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. டாடாமொபில் பிக்கப்பின் அடித்தளத்தையும் டீசல் எஞ்சினையும் எடுத்து, பின்பக்கம் மட்டும் புதிதாகக் கட்டிய வண்டி. அதே அடித்தளத்தில் டாடா சியேராவும் இருந்ததால், அமெரிக்கப் பங்காளிக் கதை இங்கும் பொருந்தும். எஞ்சின் சாமான் கிடைக்கும், பின் கண்ணாடிக்கு அலையவேண்டும்.

அடுத்த தடை சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே வேறு கம்பெனி வி8 இறக்குவதெல்லாம் இங்கே கனவு. அதே வகை எஞ்சினை மாற்றுவதானாலும் ஆர்டிஓ அனுமதி வேண்டும், நிறம் மாற்றினால் ஆர்சி புத்தகத்தில் ஏற்றவேண்டும். டாடா எஸ்டேட் வைத்திருப்பவர் செய்யக்கூடியது, தேய்ந்ததை ஒரிஜினலுக்குக் கொண்டுவருவது: அடித்தகட்டில் துரு பார்த்து டிங்கரிங், பழைய நிறத்திலேயே பெயிண்ட், உள்ளே சீட்டுக்குப் புதுத் துணி.